ரணகள்ளியின் காலைப் புளிப்பு

1934 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. அம்மா இருட்டிலேயே எழுந்து, கிணற்றடியில் தலைக்குக் குளித்து, வாசலில் இழைக்கோலம் போட்டு, விளக்கேற்றிய பிறகே காபிக்குத் தண்ணீர் வைப்பாள். எந்தக் கிழமையானாலும் பல் தேய்த்துக் குளிக்காமல் யார் வாயிலும் ஒரு பருக்கை போகக் கூடாது. மயிலாப்பூர் மாட வீதிகளில் இந்தச் சட்டம் பல வீடுகளிலும் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு விலக்குப் பெற்றவர் மாமா ஒருவர்தான். பல் தேய்த்ததும் குளிக்காமலே அவருக்குக் காபி உண்டு, கல்லூரியில் படிக்கிறவர் என்பதால்.

மாமா அம்மாவின் தம்பி. தாவர சாஸ்திரம் படிப்பதற்காக எங்களோடு தங்கியிருந்தார். மறுநாள் சனிக்கிழமை என்னைத் தம் கல்லூரிக்கு அழைத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் இலையைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது வயது ஒன்பது. வகுப்பில் யாரிடமெல்லாம் சொல்ல முடியுமோ அவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை பள்ளியிலிருந்து வந்தபோது மாமா கொல்லையில் உட்கார்ந்து செம்பருத்தி இலை ஒன்றை ஸ்பிரிட்டில் வேகவைத்துக்கொண்டிருந்தார். காலையிலேயே அந்த இலையின் நடுவில் கறுப்புக் காகிதத்தைக் குத்தி வைத்திருந்தாராம். இலை வெளுத்ததும் அதன்மேல் அயோடின் விட்டார். காகிதம் மறைத்த இடம் வெளிறியே இருந்தது. மற்ற இடமெல்லாம் மை பூசினாற்போல் கறுத்தது.

"பாத்தியா? வெயில் பட்ட எடத்துல மாவு இருக்கு. படாத எடம் பட்டினி. இலைதான்டீ செடிக்கு அடுக்களை, வெயில்தான் அடுப்பு."

"அந்த அடுக்களைல சாராய நாத்தம் கொடலைப் பிடுங்கறது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா," என்றாள் அம்மா, கீரை ஆய்ந்தபடி.

அது செங்கீரை. சிவப்பாயிருக்கிற இலை எப்படிச் சமைக்கும் என்று கேட்டேன். மாமா அம்மாவின் முறத்திலிருந்து ஒரு பிடியை எடுத்து வெந்நீரில் போட்டார். சிவப்பெல்லாம் நீரில் இறங்க, உள்ளேயிருந்த பச்சை வெளியே வந்தது. சப்பாத்திக்கள்ளிக்கு இலையே இல்லையே என்றேன். அதற்குத் தண்டே அடுக்களை என்றார். பரீட்சையில் கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் நான் கேட்டதில் அவருக்குப் பரம திருப்தி.

"எந்தச் செடியானாலும் பகல்ல சமையல், ராத்திரி அடுப்பு அணைஞ்சுடும். எல்லாத்துக்கும் ஒரே சட்டம்."

"ரணகள்ளிக்குக் கிடையாது மாமா. அது காலம்பற புளியாப் புளிக்கும். சாயந்தரம் ஒரு ருசியும் இருக்காது."

துணி துவைக்கும் கல்லின் ஓரத்தில் அந்தச் செடி மண்டிக் கிடந்தது. அதன் இலையைப் புத்தகத்தில் வைத்துக் குட்டி போடுகிறதா என்று பார்க்காத குழந்தை எங்கள் தெருவில் இல்லை. தின்று பார்த்தவள் நான் ஒருத்தியாக இருக்கலாம். மாமா ஓர் இலையைக் கிள்ளி மென்றார்.

"தண்ணியாட்டம் இருக்கு. எந்தக் காலம்பற புளிச்சுது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கேக்கறானோன்னோ, சொல்லேன்டீ," என்றாள் அம்மா.

"பல் தேய்க்கறதுக்கு முன்னாடி."

மாமா சிரித்தார். "அக்கா, ஒம் பொண்ணு என்னோட வாத்தியாரையே தூக்கிச் சாப்பிட்டுடுவா. அதுவும் பல் தேய்க்காம."

அம்மா சிரிக்கவில்லை. "எச்ச வாயோட இலையைத் தின்னது ஒண்ணு. அது புளிக்கறது, புளிக்கலேன்னு கதை வேற. பொய் சொல்றவாளுக்குக் காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு நீ ஆத்துலயே இரு."

பொய் இல்லை என்று அழுதேன். ஆனால் அதை நிரூபிக்க அந்த வீட்டில் வழி இல்லை. அம்மா, அப்பா இருவரும் குளித்துப் பூஜை முடியும் வரை எதையும் வாயில் வைப்பதில்லை. அதற்குள் வெயில் ஏறி, இலையின் புளிப்பும் இறங்கத் தொடங்கிவிடும். மாமா எழுவதே வெயில் வந்த பிறகு. எழுந்ததும் நாக்கில் டிகாஷன்.

இலை ஏன் புளித்தது என்பதைப் பல வருஷங்கள் கழித்து என் மகளின் பாடப்புத்தகத்தில்தான் படித்தேன். பெரும்பாலான செடிகள் பகலில் இலையின் நுண்ணிய துளைகளைத் திறந்து காற்றை வாங்கி அப்போதைக்கப்போதே சமைக்கின்றன. ரணகள்ளி தண்ணீரில் சிக்கனம். பகலில் திறந்தால் ஈரம் போய்விடும் என்று மூடிக்கொள்ளும். இரவில் திறந்து காற்றை வாங்கிப் புளிப்பாக்கிச் சேர்த்து வைக்கும். விடிந்ததும் மூடிய கதவுக்குள்ளே அந்தப் புளிப்பை எடுத்துச் சமைக்கும். மாலைக்குள் தீர்ந்துவிடும். மாமாவின் புத்தகத்தில் இதைப்பற்றி ஒரு வரியாவது இருந்ததோ என்னவோ, அவர் அந்தப் பக்கம் வரைக்கும் போகவில்லை.

சனிக்கிழமை காலை. இன்னும் நன்றாக விடியவில்லை. தூக்கம் பிடிக்காமல் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். அம்மா கிணற்றடியில் நின்றிருந்தாள். குளிக்கவில்லை, தலைமயிர் இரவுப் பின்னலிலேயே இருந்தது. குனிந்து ரணகள்ளியில் ஓர் இலையைக் கிள்ளினாள். சுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, முகத்தை அப்படிச் சுளித்த அம்மாவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். இலையின் மிச்சத்தையும் வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"போய்ப் பல்லைத் தேய். குளிச்சுட்டு அந்தப் பச்சைப் பாவாடையைக் கட்டிக்கோ. அவன் எழுந்தா ஒன்னை விட்டுட்டுப் போயிடப் போறான்."

பிறகு தன் தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள். அப்பாவுக்குக் காபி கலந்து கொடுத்தவள் தனக்குக் கலக்கவில்லை. வயிறு சரியில்லை, இன்று ஒரு பொழுது ஒன்றும் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னாள். அம்மா பொய் சொல்லமாட்டாள் என்பதால் நானும் அதை நம்பினேன்.