ஜுனைதா பழசாக்கிய லேப்டாப்

என் மகள் ஜுனைதாவின் கையில் ஒரு புதுப் பொருளைக் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் அது பத்து வருஷம் உழைத்த பொருளாகத் திரும்பி வரும். கீழக்கரையில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ யாராவது லீவில் வருகிறார்கள் என்றால், அந்த வீட்டுப் பெண்கள் முதலில் இவளிடம்தான் வந்து நிற்பார்கள். லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் சொல்வோம்.

"லாத்தா, மிக்ஸி வாங்கியிருக்காகளாம். எப்படிக் கொண்டாரச் சொல்ல?"

"ஜாருக்குள்ள ரெண்டு கரண்டி மஞ்சப்பொடியப் போட்டு ஒரு சுத்து சுத்தச் சொல்லு. கழுவாமக் கொண்டாரச் சொல்லு."

சேலை என்றால் ஒரு தண்ணியில் அலசி மடிக்க வேண்டும். செருப்பு என்றால் மண்ணில் ஒரு நடை நடக்க வேண்டும். டப்பா, அட்டை, கடைப் பில் எதுவும் கூட வரக்கூடாது, எல்லாம் அங்கனயே குப்பைக்குப் போய்விட வேண்டும். ஏர்போர்ட்டில் சுங்கத்துக்காரர் பெட்டியைத் திறந்தால், ஊரிலிருந்து கொண்டுபோன பழைய சாமான் திரும்பி வருகிறது என்று முகத்தைச் சுளித்து மூடிவிட வேண்டும். அதுதான் இவள் கைவேலை.

இது எங்கிருந்து வந்தது என்றால், இவள் வாப்பாவிடமிருந்து வந்தது. என் வீட்டுக்காரர் மீரா சாகிபு சவூதியில் இருந்தார். எழுபத்தெட்டில் ஊருக்கு வரும்போது மகளுக்காக ஒரு பாட்டுப்பெட்டி வாங்கி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இவளுக்கு அப்போது ஒன்பது வயசு. முன்னறையில் இருந்த மேசையைத் துடைத்து, நான் பூப்போட்டு வைத்திருந்த துணியை விரித்து, அதன் மேல் யாரையும் ஒரு டம்ளர்கூட வைக்க விடவில்லை. வாப்பா வந்தார், கையை வீசிக்கொண்டு வந்தார். பெட்டியை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் சுங்கத்துக்காரர்கள் பிடித்து வைத்துவிட்டார்கள். கட்டச் சொன்ன வரி இவரிடம் இல்லை.

"சட்டைப் பையில பில்லு இருந்துச்சு. அந்த ஆளே எடுத்து வெலையப் படிச்சான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்க் குளித்தார். இவள் அழவில்லை. "பில்ல ஏன் வாப்பா வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து பில் என்றாலே இவளுக்கு ஆகாது.

எங்கள் ஊரில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணமானாலும் மகள் தாயோடுதான் இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து போவார். அதனால் இவளை எனக்குப் பக்கத்திலிருந்து தெரியும். காரியம் என்று வந்தால் என் பேச்சைக் கேட்க மாட்டாள். மாப்பிள்ளை காதர் மைதீன் துபாயில் எலக்ட்ரீசியன். ஒரே பிள்ளை, நூர் நிஷா. ஜுனைதாவை எட்டாவதோடு நிறுத்தினோம், அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நூரை நிறுத்த இவள் விடவில்லை. மதுரைப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் மாப்பிள்ளை நூருக்கு லேப்டாப் வாங்கினார். கொண்டு வந்தது எங்கள் தெருப் பையன் பாக்கர். அவரோடு ஒரே கம்பெனியில் வேலை, லீவில் வந்துகொண்டிருந்தான். ஜுனைதா போனிலேயே பாடம் நடத்தினாள். மூலையைச் சுவரில் தேய்க்க வேண்டும், மூடியில் பிள்ளைகள் ஒட்டுகிற பொம்மை ஒட்ட வேண்டும், எழுத்துக் கட்டைக்குள் பிஸ்கட் தூள் போட வேண்டும். பாக்கர் எல்லாம் செய்தான். ஏர்போர்ட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நூர் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கீழ விழுந்த மாதிரி இருக்கு!" என்றாள்.

அடுத்த பொங்கல் லீவு. பஸ்ஸில் கூட்டமாயிருக்கும், நசுங்கிவிடும் என்று லேப்டாப்பை ஹாஸ்டல் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு நூர் ஊருக்கு வந்தாள். திரும்பிப் போனால் ஜன்னல் கம்பி அறுந்து கிடக்கிறது. அந்த வரிசையில் மூன்று பிள்ளைகளின் லேப்டாப் போய்விட்டது. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் ஃபீசோடு சேர்த்து, ஹாஸ்டலில் இருக்கும் சாமானுக்கென்று இன்சூரன்ஸுக்கும் காலேஜில் பணம் பிடித்திருந்தார்கள். மற்ற இரண்டு பிள்ளைகளும் மதுரைக் கடைப் பில்லைக் கொடுத்தார்கள், பணம் வந்துவிட்டது. நூரிடம் என்ன இருக்கிறது கொடுக்க?

ஜுனைதா என்னையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் அந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி வயசில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"பில் இல்லையா? டப்பா? வாரன்டி கார்டு? எதுவுமே இல்லாம உங்க பொருள்னு நான் எப்படிம்மா எழுத?"

பெருநாள் அன்று நூர் அதை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த போட்டோ இருந்தது. அதைக் கொடுத்தாள். அவர் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சரி, உங்க பொருள்தான், ஒத்துக்கிறேன். ஆனா இது ரொம்பப் பழைய மெஷின்மா. மூலையெல்லாம் தேஞ்சு போயிருக்கு. இதுக்கு என்னத்தத் தர?"

"பழசு இல்ல சார், பழசாக்கினது."

"எதுக்கு?"

ஜுனைதா போட்டோவைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். சுங்கத்துக்குப் பயந்து என்று சொன்னால் புருஷனைப் பிடிப்பார்களோ, பாக்கரைப் பிடிப்பார்களோ என்று அவளுக்குப் பயம். எழுந்து வந்துவிட்டாள். அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருந்தாள், போட்டோவில்கூட அது புதுசாகத் தெரியவில்லை.

நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். "வருஷா வருஷம் வாங்கிப் போட்டான்ல? குடுக்கும்போது மட்டும் கசக்குதா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போடி" என்றேன். "போனா எல்லாத்தையும் சொல்லணும் உம்மா" என்றாள். "சொல்லு" என்றேன். அவள் மாதக்கணக்கில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பேச வைத்தது துபாயிலிருந்து வந்த போன். கம்பெனியில் வேலை குறைந்துவிட்டது, ஆளை அனுப்புகிறார்கள், தானும் திரும்பி வர வேண்டியிருக்கும் என்றார் மாப்பிள்ளை. நூருக்குக் கடைசி வருஷம். புராஜெக்ட் என்று ஒன்று செய்ய வேண்டும், அதற்குக் கையோடு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பிள்ளை அடுத்த அறைப் பெண்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து அவர்களுடையதைக் கெஞ்சி வாங்கிச் செய்துகொண்டிருந்தாள். சில பேர் கொடுத்தார்கள், சில பேர் அலமாரியைப் பூட்டிவிட்டுப் போனார்கள். துபாயிலிருந்து இனி இன்னொன்று வராது, இன்சூரன்ஸ் பணத்தை விட்டால் வழியில்லை.

ஜுனைதா கோர்ட்டில் எழுதிக் கொடுத்தாள். சாட்சிக்குப் பாக்கர் வேண்டும். அவன் அப்போது மறுபடி லீவில் வந்திருந்தான். கூப்பிட்டனுப்பினோம். வந்தவன் விஷயம் தெரிந்ததும் உட்காரவே இல்லை.

"லாத்தா, நான் திரும்ப அந்த ஏர்போர்ட் வழியாத்தானே போகணும்? 'வாய்யா, மூலையத் தேச்சவனே'ன்னு பிடிச்சு வச்சுக்கிட்டா?"

"ஒன் கல்யாணத்துக்குக் கொண்டாந்த டிவிய யாருடா பழசாக்கினது?"

"நீங்கதான்."

"ஒங்க உம்மாவுக்குக் கொண்டாந்த கிரைண்டர?"

"நீங்கதான் லாத்தா. அதுக்காக என்னைய ஜெயில்லயும் பழசாக்கிறாதீக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜுனைதாவுக்கு வரவில்லை. "பாக்கரு, எனக்காகக் கேக்கல. பிள்ளை ஒவ்வொரு ரூமாப் போய் நின்னு கேக்குறா" என்றாள். "கோர்ட்டுக்கு எந்த பஸ்ஸு?" என்றான் அவன்.

கோர்ட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவருக்கு என் வயசு இருக்கும். ஜுனைதா நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள்பொடியிலிருந்து பிஸ்கட் தூள் வரைக்கும் ஒன்றை விடவில்லை. கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். சுங்கத்தை ஏமாற்றிக் கொண்டுவந்த பொருளுக்கு நஷ்ட ஈடு எப்படித் தர முடியும் என்று கேட்டார்.

நடுவில் இருந்தவர் பாக்கரைக் கூப்பிட்டார்.

"எத்தனை லேப்டாப் கொண்டு வந்தீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் ஐயா, சத்தியமா."

"பதினெட்டு வயசு முடிஞ்சிருச்சா?"

"எனக்கு மூணு பிள்ளை இருக்கு ஐயா."

"பதினெட்டு முடிஞ்சவங்க ஒரு லேப்டாப் வரி கட்டாமலே கொண்டு வரலாம். இதை எதுக்குய்யா ஒளிச்சீங்க?"

பாக்கர் ஜுனைதா பக்கம் திரும்பினான். "லாத்தா, கேட்டீகளா? செவுத்துல தேச்சுத் தேச்சு எனக்குத் தோள்பட்டையே எறங்கிப் போச்சே!" என்றான். கோர்ட்டே சிரித்தது. ஜுனைதா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஒரு பில்லை வைத்திருந்தால் போதும், ஒரு வருஷம் பிள்ளை கெஞ்சியிருக்க வேண்டாம்.

வழக்கைத் தள்ளிப் போட்டார்கள். வெளியே வராந்தாவில் அந்தச் சின்ன வயசு இன்சூரன்ஸ் அதிகாரி எங்களிடம் வந்தார்.

"அம்மா, பழைய மெஷினுக்கு உண்டான விலையத் தர்றோம். இன்னைக்கே பேசி முடிச்சுக்கலாம். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமா வந்தா எங்க ஆளுங்க மெட்ராசுக்கு அப்பீல் போவாங்க. வருஷம் ஆகும்."

"வேண்டாம்டி" என்றேன் நான். "நடுவுல இருக்கவர் நம்ம பக்கம் இருக்காரு. முழுசும் வாங்கு."

"எப்ப உம்மா? நூரு படிச்சு முடிச்சதுக்கு அப்புறமா?"

"ஏமாத்துறான்டி ஒன்னைய."

"தெரியுது."

தெரிந்தே சரி என்றாள். ஆனால் அவர் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தாள். "பழைய லேப்டாப்புன்னு எழுதியிருக்கீங்க. அது பழசு இல்ல."

"வேற என்னன்னு எழுதட்டும்?"

"புதுசு, நாங்களாப் பழசாக்கினதுன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"அப்ப வெறும் லேப்டாப்புன்னு எழுதுங்க."

அவர் அடித்துத் திருத்தினார். அதன் பிறகுதான் இவள் பேரை முழுசாக எழுதினாள்.

தை மாதக் கடைசியில் பணம் வந்தது. இருவரும் ராமநாதபுரம் போனோம். புதுசு வாங்க அது பற்றாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் யாரோ வைத்திருந்து விற்ற பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினாள். கடைக்காரப் பையன் போட்டுக் காட்டினான், நன்றாகத்தான் ஓடியது. ஏமாந்து வாங்கிய காசு என்று எனக்குக் கோபம் ஆறவில்லை.

கீழக்கரை பஸ் நின்றது. ஏறப்போனேன். அவள் ஏறவில்லை.

"நீங்க கோவத்தோட வீட்டுக்குப் போங்க உம்மா. நான் மதுரைக்குப் போறேன். பிள்ளைகிட்டக் குடுத்துட்டு வாரேன்."

"தனியாவா? பாக்கரக் கூப்பிட்டுக்கடி. நாளைக்குப் போவோம்டி."

"இன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி அவ கையில இருக்கணும்."

என் மகள் ஒருநாளும் தனியாக மதுரை பஸ்ஸில் ஏறியதில்லை. பரமக்குடியில் இறங்கிவிடாதே, அது மதுரை இல்லை என்று நான் கத்தினேன். அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பையை இரண்டு கையாலும் மடியில் அணைத்துக்கொண்டு, போங்கள் என்று தலையை ஆட்டினாள்.

நூர் இந்த வருஷம் படிப்பை முடித்துவிட்டாள். மாப்பிள்ளையும் ஊரோடு வந்துவிட்டார். எல்லாம் சரிதான். ஆனாலும் அந்த வராந்தாவில் முழுசையும் கேட்டிருக்க வேண்டும் என்பதை நான் விடப்போவதில்லை. சொல்லும்போதெல்லாம் அவள், "சரி உம்மா, சாப்பிட வாங்க" என்கிறாள்.