தனக்கென்று யாரும் கேட்காத விரிப்பு

பாதி பிளேடின் முனை நூலுக்கும் துணிக்கும் நடுவே நுழைந்து, மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போனது. இடது கைப் பெருவிரல் அடியிலிருந்து துணியைத் தூக்கிக் கொடுத்தது. அவசரப்பட்டு நூலை இழுத்தால் வெள்ளைப் பருத்தியில் இழை ஓடிவிடும். அதனால் விரல்கள் அறுந்த நூலைத் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கி, மடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் போட்டன. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர். நகத்தின் முதுகால் நீளவாக்கில் நாலு தேய்ப்பு, குறுக்கே நாலு தேய்ப்பு. ஊசி போன துளைகள் மெல்ல மூடிக்கொண்டன. ஆனாலும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது, நடுவில் ஒரு சிலுவை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

இதோடு இரண்டு முறை பிரித்தாகிவிட்டது. இன்னும் ஒரு முறை குத்திப் பிரித்தால் துணி தாங்காது.

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் இருக்கிறது பிலோமினாவின் தையல் கடை. இருபத்து நாலு வருடமாக ரவிக்கையும் பள்ளிச் சீருடையும்தான் அவளுக்குச் சோறு போடுகின்றன. தேவாலயத் தையலை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கன்னியர் மடத்தில் கழித்துப்போட்ட பழைய பூசை உடுப்புகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு தையலாகப் பிரித்து, எது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று செய்தித்தாளில் வரைந்து வைத்துக்கொண்டாள். பிரித்துப் பிரித்தே கற்றவள். அப்படிப்பட்டவளுக்கே இந்த வாரம் பிரிப்பது அலுத்துவிட்டது.

மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். எல்லாச் சபைப் பெண்களும் ஓரிடத்தில் கூடி ஜெபிப்பார்கள். இந்த வருடம் அரியலூரில் லுத்தரன் கோயிலில் கூடுவதாக ஏற்பாடு. கத்தோலிக்கர் வருகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் முதல் தடவையாக வருகிறார்கள். அந்தச் சபையில்தான் பிலோமினாவின் அக்கா ரீத்தா இருக்கிறாள்.

பதினோரு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது, பிலோமினா தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி ஜெபமாலை தொடங்கினாள். மெழுகுவத்தியும் சிலுவையும் ஆகாத அந்தச் சபைக்கு அதற்கு முன்பே மாறியிருந்த ரீத்தா எழுந்து தெருவுக்குப் போய்விட்டாள். "அம்மாவுக்கு ஒரு மொழுவத்திய பொறுக்காதவ மவளா?" என்று பிலோமினா எல்லார் முன்னாலும் கேட்டாள். அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்கு மட்டும் போன். பிலோமினாவின் மகள் கல்யாணத்தில்கூட, தாலி ஏறும்வரை கோயிலுக்குள் வராமல் எதிர்ப்புற டீக்கடையில் நின்றுவிட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தாள் ரீத்தா. இந்த வெள்ளிக்கிழமையாவது அக்காவோடு ஒரே கூரைக்குக் கீழே ஒரு ஜெபம் சொல்ல வேண்டும் என்பதுதான் பிலோமினாவின் ஆசை. அன்று ஜெப மேசைமேல் போடும் விரிப்பு தன்னிடம் தைக்க வந்ததும், அக்கா வருவதும் வராததும் தன் ஊசியில் இருப்பதாக அவளுக்குத் தோன்றிவிட்டது.

துணி கொண்டுவந்தவர் மடத்து சிஸ்டர் பவுலின். "தவக்காலம். ஊதாக் கரை வையி. வழக்கம்போல நடுவுல ஒண்ணு, மூலைக்கு ஒண்ணா அஞ்சு சிலுவ" என்றார். பிலோமினா தைத்து முடித்தாள். மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். "பிலோமினா, சிலுவையெல்லாம் பிரிச்சிடும்மா. மத்த சபைக்காரங்க மனசு சங்கடப்படக் கூடாது."

பிலோமினா சந்தோஷமாகவே பிரித்தாள். அக்காவுக்கு உறுத்தாது.

அடுத்து வந்தவர் லுத்தரன் போதகரின் மனைவி சசிகலா. ஊரில் எல்லாருக்கும் அவர் ஐயரம்மா. விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, ஓட்டல் மேச மாதிரி மொட்டையா இருக்கு?"

"சிஸ்டர்தாங்க பிரிக்கச் சொன்னாங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு."

"எங்களுக்கா? எங்க கோயில்ல மட்டும் சிலுவ இல்லையா? நாங்க வேணாம்னு சொன்னதாக் கத்தோலிக்கக்காரங்க நெனச்சுட்டா என்ன ஆவுறது? நடுவுல ஒண்ணாவது போடும்மா."

நடுவில் ஒன்று போட்டாள். அதைக் கேள்விப்பட்டு சிஸ்டர் மறுபடி போன் செய்தார். "ஐயரம்மா நமக்காவச் சொல்லியிருப்பாங்க. பாவம், புதுசா வர்ற சபைக்காரங்கள நெனச்சுப் பாக்கல. பிரிச்சிடும்மா."

புதன்கிழமை மத்தியானம் அந்த ஒற்றைச் சிலுவையைப் பிரித்து, துளைகளைத் தேய்த்து முடித்த நேரத்தில்தான் ஐயரம்மாவிடமிருந்து இன்னொரு போன் வந்தது. பெந்தெகொஸ்தே பாஸ்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாராம்: எங்களால எதுவும் நிக்க வேணாம், சிலுவ போட்டுக்கங்க.

பிலோமினா போனை மெஷின்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கத்தோலிக்கர் வேண்டாம் என்கிறார்கள், மற்றவர்களுக்காக. லுத்தரன் வேண்டும் என்கிறார்கள், கத்தோலிக்கருக்காக. சிலுவையே வைத்துக்கொள்ளாத சபை போடு என்கிறது. எனக்கு இது வேண்டும் என்று ஒருவராவது சொன்னால் அளவெடுத்துத் தைத்துவிடலாம். அடுத்தவர் உடம்புக்கு அளவு சொன்னால் எப்படி வெட்டுவது?

ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அவள் கணவன் சாமிக்கண்ணு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏன் புள்ள, ஆண்டவர் ஒருத்தர்தான் இன்னும் போன் பண்ணல. அவரையும் ஒரு வார்த்த கேட்டுடு."

"ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. அக்கா வராமப் போனா?"

"அப்ப அவங்களயே கேளேன். நம்பர் இல்லையா?"

நம்பர் இருந்தது. கேட்கலாம் என்பது மட்டும் பதினோரு வருடமாகத் தோன்றவில்லை. சாமிக்கண்ணு கை கழுவப் போன நேரம் பார்த்து அழுத்தினாள்.

"அக்கா, நாந்தான்."

"தெரியுது. யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவுல."

"அப்பறம் எதுக்குப் போனு?"

"வெள்ளிக்கெழம விரிப்பு நாந்தான் தைக்கிறேன். சிலுவ போடவா, வேணாமா?"

"என்னயா கேக்குற?"

"ஒன்னயத்தான்."

"பாஸ்டரம்மாகிட்ட நாந்தானடி சொன்னேன், போட்டுக்கட்டும்னு. நீ தைக்கிறன்னு கேள்விப்பட்டேன். சிலுவ இல்லாட்டி ஒனக்குக் கையே ஓடாதே."

"ஐயோ அக்கா, ஒனக்காவல்ல நான் பிரிச்சேன்!"

"என்னயக் கேட்டியா?"

"நீ மட்டும் என்னயக் கேட்டியா?"

யார்மேல் கோபப்படுவது என்று இருவருக்குமே விளங்கவில்லை. கடைசியில் ரீத்தா சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் புரியல. நாளைக்கு வரேன். அதுவரைக்கும் அந்த பிளேடத் தொடாத."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, ஆலத்தியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள் ரீத்தா. வெள்ளைச் சேலை, வெறும் காது, வெறும் கழுத்து. கடை வாசலில் நின்று உள்ளே ஒரு முறை பார்த்தாள். கடைக்குள் வருவதற்குத் தடை எதுவுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டதுபோல் தலையசைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தாள். பிலோமினா விரிப்பை நீட்டினாள். ரீத்தா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடி இது, அம்ம வார்த்த மூஞ்சி மாதிரி?"

"ஆளாளுக்குச் சொன்னா அப்படித்தான் இருக்கும். நீயே சொல்லு, ஒனக்கு என்ன வேணும்?"

ரீத்தா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தெரியலடி. எனக்கு எது வேணாம்னு சொல்லித்தான் பழக்கம். வேணும்னு கேட்டா என்ன சொல்றது?" துணியை மடியில் போட்டுக்கொண்டாள். "சரி, யாரும் ஒண்ணும் சொல்லாட்டி நீ என்ன பண்ணுவ?"

"அஞ்சு போடுவேன்."

"அது என்ன கணக்கு, அஞ்சு?"

"ஆண்டவரோட அஞ்சு காயம். ரெண்டு கை, ரெண்டு காலு, ஒரு வெலா."

ரீத்தா உதட்டை அசைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். "அது எங்க பைபிள்லயும் இருக்கே."

"இருக்காதா பின்ன?"

"எனக்கு யாரு சொன்னா? வெறும் அலங்காரம்னு நெனச்சேன்." விரிப்பைத் திருப்பி நீட்டினாள். "போடு. எங்க ஆளுங்க எதாச்சும் கேட்டா நான் சொல்லிக்கிறேன். என்ன சொல்லுவேன்னு தெரியல. சொல்லிக்கிறேன்."

மெஷின் ஊசி தன் போக்கில் புதுத் துளை போடும். பழைய துளையிலேயே போக வேண்டுமானால் கையால்தான் தைக்க வேண்டும். ரீத்தா இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடித்தாள். பிலோமினா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு துளையாகத் தேடி ஊதா நூலைச் செலுத்தினாள். மூலைக்கு அரை மணிக்கு மேல் ஆயிற்று. நடுவிலே ரீத்தா கேட்டாள்: "மேசையில மொழுவத்தி வெப்பாங்களா?"

ஊசி நின்றது. "தெரியலக்கா."

"வெச்சா?"

"அதுவும் தெரியல."

"ம்" என்றாள் ரீத்தா. பிடியை விடவில்லை. ஊசி மறுபடி இறங்கியது.

மூன்று மணிக்கு ஐந்தும் முடிந்தன. இஸ்திரிப் பெட்டியைத் துணியின் பின்பக்கத்தில் ஓட்டி, முனையோடு முனை சேர்த்து மடித்து, சந்தேகம் வந்து பிரித்து, அரை விரல் விலகியிருந்ததைச் சரிசெய்து திரும்ப மடித்தாள் பிலோமினா. வழக்கமாக சிஸ்டர்தான் ஆள் அனுப்பி வாங்கிப் போவார். பிலோமினா அக்காவைப் பார்த்தாள்.

"அரியலூரு வழியாத்தானே போற? நீயே எடுத்துட்டுப் போயி நாளைக்கு விரிச்சுடு."

"நானா? கோயிலு உள்ள போயா?"

"வெளிய நின்னுக்கிட்டு விரிக்க முடியுமா?"

"ரொம்பத்தான் வாயி ஒனக்கு" என்றாள் ரீத்தா. சிரித்தாளா, கோபித்தாளா என்று பிலோமினாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. "நீ எத்தன மணிக்கு வருவ?"

"ஒன்பது மணி பஸ்ஸு."

"எனக்குப் பக்கத்துல எடம் புடிச்சு வெக்கட்டுமா?"

பிலோமினா தலையை ஆட்டினாள்.

ரீத்தா எழுந்து, உள்ளங்கை வியர்வையை முந்தானையில் துடைத்து, இரண்டு கையையும் நீட்டினாள். பிலோமினா விரிப்பை அதில் வைத்தாள்.