இரண்டாம் ஷிப்ட் இல்லை

என் தம்பியின் இரங்கல் கூட்டம் பெங்களூரில், அவனுடைய நிறுவனத்தின் மேல்தளத்தில் நடந்தது. பேசியவர்கள் அனைவரும் இளைஞர்கள். திரைப்படத் தயாரிப்பாளராக இருந்தவர் துணிந்து ஊடகத் தொழில்நுட்பத்துக்குத் தாவினார் என்றார் ஒருவர். தாவினார் என்ற சொல் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. இரண்டுக்கும் இடையில் அவன் பல ஆண்டுகள் கோலார் தங்க வயலில், மைசூர் மைன்ஸ் என்ற பகுதியில் இருந்த என் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவியைத் தவிர அதை அறிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவனே. என்னைப் பேச அழைக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் அவன் தயாரித்த படம் நல்ல படம் என்றே இன்றும் கருதுகிறேன். எங்கள் ஊர்த் திரையரங்கில்கூட அது ஓடவில்லை. மனைவியோடும் சில வீடியோ கருவிகளோடும் என்னிடம் வந்து சேர்ந்தான். நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவன் மாடியில் டிஷ் ஒன்றை நிறுத்தி, சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகளுக்கெல்லாம் கேபிள் இழுத்தான்.

எங்கள் ஊரில் பொழுது என்பது ஷிப்ட்தான். எந்த ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவரும் படத்தைத் தவறவிடக் கூடாது என்று, ஒரே படத்தை அவன் நாளுக்கு மூன்று முறை ஒளிபரப்பினான். அவற்றுக்கு முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், மூன்றாம் ஷிப்ட் என்றே பெயரிட்டான். கடைத்தெருவில் அவனைக் கண்டால், "இன்னா சார், ரெண்டாம் ஷிப்ட்டுல இன்னா படம்?" என்று கேட்பார்கள். சென்னையை விட்டு வந்தபின் அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தது அந்தக் கேள்விக்குத்தான்.

பிறகு ஒரு கணினி வாங்கினான். திரையின் அடியில் தமிழ் எழுத்துகள் ஓடும்படி தானே ஒரு நிரல் எழுதினான். ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைய வேண்டியிருந்தது. ழகரத்தின் கால் நெடுநாள் ஒடிந்தே வந்தது. பிழை பார்ப்பது என் வேலை.

ஒருநாள் நண்பகலில் வீடியோ கருவி பழுதாயிற்று. "இன்று இரண்டாம் ஷிப்ட் இல்லை" என்று ஓடவிட்டு, அவன் கருவியைப் பிரித்துக்கொண்டிருந்தான். கல்லூரியிலிருந்து வந்த நானும் அதைப் படித்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்த காலம் அது. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஆண்கள், மூடியேவிட்டார்கள் என்று எண்ணினார்கள். முதல் ஷிப்டுக்குக் கணவனை அனுப்பியிருந்த பெண்கள் வேறுவிதமாகப் படித்தார்கள்: அடுத்த ஷிப்டை நிறுத்துகிறார்கள் என்றால் கீழே பாறை வெடித்திருக்க வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாப்டின் வாசலில் கூட்டம் கூடிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னார்.

வரியை அழிக்குமாறு மனைவியிடம் சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். நானும் உடன் நடந்தேன். வழியில் ஒன்றே ஒன்றுதான் பேசினான்.

"சென்னையில இருந்து இங்க திரும்பி வந்தேன். இவங்களும் வேணான்னுட்டா எங்கண்ணா திரும்பறது?"

ஒன்றும் நடக்கவில்லை என்று சுரங்க அதிகாரி ஒருவர் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பவில்லை, டிவியில் வந்துவிட்டதே. தம்பி முன்னால் போய், தான் எழுதியது படத்தைப் பற்றித்தான் என்றான். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா, உன் படம் ஓடலன்னா எங்க வூட்டு ஆம்பளைங்கள ஏன் சாவடிக்கற?"

அவன் தலைகுனிந்து, "தப்புதான் அக்கா" என்றான். ஆனால் அந்த இடத்தை விட்டு அகலவில்லை.

ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. வெயிலுக்குக் கண் கூசியபடி வெளியே வந்தவர்களில் ஒருவர் அவனைக் கண்டு, "சினிமாக்காரரே வந்துகீறாரு. நம்மள வெச்சி படம் எடுக்கப்போறாரா?" என்றார். அழுதுகொண்டிருந்த சிலர் சிரித்துவிட்டார்கள். தம்பி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் கடைசிக் கேஜில் வந்தார். அதுவரை அவனும் அங்கேயே நின்றான். தொழிற்சங்கப் பெரியவர் ஒருவர் அவன் தோளைத் தொட்டார்.

"உன் படத்துக்கு வேற பேரு வெச்சிக்கப்பா. ஷிப்ட்டுன்றது எங்களுது."

கேபிளை யாரும் அறுக்கவில்லை. மறுநாளிலிருந்து படங்களுக்கு முதல் ஷிப்ட் என்பது போய் முதல் ஆட்டம் என்று ஆயிற்று. எனினும் அதிகாரியின் வாய்ச்சொல்லைவிடத் தன் வரியை அவர்கள் நம்பினார்கள் என்பது முதலில் அவனை அச்சுறுத்தியது; பின்னர் யோசிக்கவைத்தது. நாள்தோறும் சுரங்க அலுவலகத்துக்குப் போய், எந்த ஷாப்டில் எந்த ஷிப்ட் நடக்கிறது என்று கேட்டுவந்து ஓடவிட்டான். தண்ணீர் வரும் நேரம், சாவுச் செய்தி, ரேஷன் என்று அது வளர்ந்தது. படம் பார்க்காதவர்களும் அந்த வரிக்காக டிவியைப் போட்டார்கள். வெளியூர்க் கேபிள்காரர்கள் வந்து பார்த்து, அந்த நிரலைக் கேட்டார்கள். நிறுவனம் தொடங்கியது அப்படித்தான்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கம் உண்மையாகவே மூடப்பட்டது. அன்று காலை தம்பி விசைப்பலகையின் முன் உட்கார்ந்து என்னிடம் கேட்டான்.

"அண்ணா, இன்னா போடறது?"

அவன் திரையின் அடியை வெறுமையாக விட்டான். சிறிது நேரத்தில் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. மூடிய செய்தி எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வரியைக் காணோமே, ஒயர் அறுந்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள்.

"ஒயரு நல்லாத்தாம்மா கீது" என்று ஒவ்வொருவருக்கும் அவனே சொன்னான். ரிசீவரை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்திரு என்றேன். கடைசி அழைப்பு வரை அவன் கொடுக்கவில்லை.