ராஜகிரிக்குத் துணை வந்த திலக்கும் ஐந்து மணி முட்டை வண்டியும்

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிய மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் மட்டும் லீவு போட்டுவிட்டுச் செஞ்சிக்குக் கிளம்பினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. இருபது வருடமாகத் திருவண்ணாமலை போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்தக் கோட்டையைப் பார்த்து "அடுத்த தடவை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. முழங்கால் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கொள்ளும்?

கிளாம்பாக்கத்தில் காலை 5.45-க்குத் திருவண்ணாமலை பஸ், டிக்கெட் 145 ரூபாய். திண்டிவனத்தில் டீக்குப் பத்து நிமிடம். 8.50-க்குச் செஞ்சி. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு சிறிய ஓட்டலில் பூரி செட்டும் காபியும் 65 ரூபாய். சர்வரிடம் கோட்டைக்கு வழி கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன், "நான் வரேன் சார். இன்னிக்கு எனக்கு லீவு" என்றான்.

பெயர் திலக். வயது இருபத்தாறு. நேபாளத்துக்காரன். அதே ஓட்டலில் சாயங்கால ஃபிரைடு ரைஸ் அடுப்பில் இரண்டாவது மாஸ்டர். முதல் மாஸ்டர் அவனுடைய அக்கா கணவர் கோபால். அக்கா கணவரை அவர்கள் பாஷையில் பினாஜு என்பார்களாம். பதினொரு வருடமாகச் செஞ்சியில் இருக்கும் அந்தப் பினாஜுதான் மூன்று வருடத்துக்கு முன்பு திலக்கைக் கூட்டிவந்தவர்.

கோட்டை வாசல் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் என்னிடம் நூற்றைம்பது கேட்டார். பின்னால் திலக் வருவதைப் பார்த்ததும், "இன்னா தம்பி, உன் ஆளா? சரி, எண்பது குடுங்க சார்" என்றார். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, நேபாளத்திலிருந்து வந்தவன் சிபாரிசில் எழுபது ரூபாய் மிச்சம்.

நுழைவுச்சீட்டு தலைக்கு 25 ரூபாய். கோட்டையின் மூன்று மலைகளில் உயரமான ராஜகிரியில் ஏறத் தொடங்கியபோது மணி 9.50. பாதிப் படியிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. திலக் ரப்பர் செருப்போடு, என் பையையும் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போனான்.

"உனக்கு மூச்சே வாங்காதா?"

"எங்க ஊர்ல இத மலைன்னே சொல்ல மாட்டாங்க சார். மாடு மேய்க்கப் போற எடம்" என்றான் சிரிக்காமல்.

உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பிளவு. அதைத் தாண்ட மரப்பாலம். பாலத்துக்கு இப்பால் நிழலில் உட்கார்ந்தோம். அங்கேதான், நான் கேட்காமலே, திலக் தன் டென்ஷனைச் சொன்னான்.

ஓட்டலுக்கு முட்டை போடும் வண்டிக்காரர் வல்லத்துக்காரர். பாண்டிச்சேரி வரைக்கும் போகிறவர். அங்கே ஒரு ஓட்டலில் மாஸ்டர் வேண்டுமாம், சம்பளம் இருபத்திரண்டாயிரம். இன்று ஐந்து மணிக்கு வண்டி வரும்போது பதில் சொல்ல வேண்டும். இங்கே திலக்குக்குப் பதினாறாயிரம்.

"அப்புறம் என்ன, போகவேண்டியதுதானே?"

"பினாஜுவுக்கே பதினெட்டுதான் சார். கூட்டியாந்தவர விட நான் ஜாஸ்தி வாங்கினா நல்லாவா இருக்குது? எங்க ஊரு ஆளுங்க யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. அவருகிட்ட எப்படிக் கேக்கறதுன்னே தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. என் முதல் வேலையை வாங்கிக்கொடுத்தவர் என் சித்தப்பா. ஆறு வருடம் சம்பள உயர்வு கேட்காமல் இருந்தேன். கேட்டால் அவருக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்று பயம். விளம்பரத்தைப் பார்த்து எனக்குப் பிறகு வந்து சேர்ந்தவன் என்னைவிட அதிகம் வாங்கினான். இதையெல்லாம் சொல்லி, "நேராகக் கேட்டுவிடு" என்றேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினான். உச்சியில் நல்ல காற்று. சுற்றிலும் பச்சை வயலும் பாறைக் குன்றும். அரை மணி நேரம் இருந்துவிட்டு இறங்கினோம்.

கீழே கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு ஓட்டலுக்குத் திரும்பும்போது இரண்டு மணி. சாப்பாடு 110 ரூபாய். திலக் குளிக்கப் போனான். கொல்லைப்புறத்தில் கோபால் சாயங்காலத்துக்கு முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கை கழுவப் போன எனக்கு வாய் சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் உளறிவிட்டேன்.

கோபால் கத்தியைக் கீழே வைத்தார். போச்சு, ஒரு குடும்பத்தில் சண்டை மூட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

"முட்டைக்காரரு மொதல்ல என்னத்தான் கேட்டாரு சார்" என்றார் மெதுவாக. "எம் பொண்ணு இங்க ஆறாவது படிக்குது, நான் எங்க போறது? நான்தான் இவன் பேரக் குடுத்தேன்."

"அதை அவனிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பினாஜு வாங்கிக் குடுத்த வேலைன்னு ஆயிடும். அப்புறம் அங்கயும் வாயத் தொறந்து ஒரு ரூபா கேக்க மாட்டான். இங்க மூணு வருசமா கேக்கலியே. வெளி ஆளு குடுத்த வேலைன்னா தைரியமா கேப்பான். நீங்க சொல்லிடாதீங்க சார்."

சொல்லமாட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். என் சித்தப்பா நல்லவர்தான். ஆனால் இப்படி ஒரு யோசனை அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

மூன்றரை மணிக்கே கிளம்பியிருக்க வேண்டியவன், முட்டை வண்டிக்காக உட்கார்ந்துவிட்டேன். நாலே முக்காலுக்குத் திலக் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு பினாஜுவிடம் விஷயத்தைச் சொன்னான். கோபால், "நெசமாவா? யாரு சொன்னா? எப்ப?" என்று கேட்டார் பாருங்கள், அந்த நடிப்புக்குக் கைதட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் அவன் தோளில் தட்டி, "போய் வா. பாண்டில நமக்கும் ஒரு ஆளு வேணும்ல" என்றார்.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. திலக் நேரே போய், "வரேண்ணே. ஆனா இருபத்திமூணு வேணும். ரூமும் ஓனரே குடுக்கணும்" என்றான். வண்டிக்காரர் போனில் பேசிவிட்டு, "சரின்றாங்க" என்றார். கோபால் நிமிரவேயில்லை. முட்டைகோஸ்தான் தேவைக்கு மேல் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், மதியத்துக்குப் பிறகு ராஜகிரியில் ஏறவிடுவதில்லை என்றார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடிக்காதீர்கள், குரங்கு விடாது. அமாவாசையன்று போகாதீர்கள், மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

இன்னொன்று. கோபாலிடம் வாயைத் திறப்பதில்லை என்று ஒத்துக்கொண்டவன் இதை எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். பெயர்களை மாற்றிவிட்டேன். திலக்குக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அந்தத் தைரியம்தான். பாண்டிச்சேரியில் எங்காவது அருமையான ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டு, போட்ட மாஸ்டர் செஞ்சித் தமிழ் பேசினால், ருசியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வேலை முட்டைக்காரர் கொடுத்ததாகவே இருக்கட்டும்.