சாயம் இறங்காத தேயிலை

தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு மலை சும்மா கிடக்கிறது. ஆள் போதவில்லை என்று கம்பெனி கைவிட்டது. கவ்வாத்து வெட்டாமல் தேயிலைச் செடிகள் மரமாகிவிட்டன. உள்ளே காட்டுப்பன்றிகள் குடித்தனம் நடத்துகின்றன. கொழுந்து மட்டும் யாரையும் கேட்காமல் துளிர்த்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அக்காவுக்கு அப்போது குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக விசா வரவிருந்தது. அத்தான் இறந்த பிறகு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கொழுந்து பறித்துக் காலந்தள்ள அவளால் முடியவில்லை. அவளை நிறுத்த எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கிற அறையில் வேலை செய்கிறேன். நுவரெலியாவில் விடுதி நடத்தும் முதலாளி ஒருவர் வெள்ளைக்காரர்களைச் சுற்றிக் காட்ட அங்கே அழைத்து வருவார். கையால் செய்த தேயிலைக்கு அவர்கள் அலைகிறார்கள், நல்லதாகச் செய்து கொண்டுவந்தால் அந்த மலையை எங்களுக்குக் குத்தகைக்குக் கேட்டு, தோட்டத்தை நடத்தும் தொரையிடம் தானே பேசுகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்தக் காட்டுமலையில் ஏறி இளங்கொழுந்தாகப் பார்த்துப் பறித்தாள். கட்டிலில் சாக்கு விரித்து வாட்டினோம். பிள்ளைகள் தரையில் படுத்தார்கள். மறுநாள் இருவரும் உள்ளங்கை சிவக்க உருட்டி, அடுப்பில் தாச்சிச் சட்டியில் போட்டுக் காயவைத்தோம்.

"இது மட்டும் சரியா வந்துச்சுன்னா நான் போகமாட்டேன்டி" என்றாள் அக்கா.

அடுத்த நாள் நான் மட்டும் கிளம்பினேன். கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர் போட்டுப் பார்த்தேன். சாயமே இறங்கவில்லை. வெளிர் மஞ்சளாக, கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பதினாறு வருஷமாக நல்ல தேயிலையைச் சலித்து மூட்டையில் கட்டி அனுப்புகிறேனே தவிர, ஒரு மடக்கு குடித்ததில்லை. எங்களுக்குக் கிடைப்பது சலித்து மிஞ்சும் கடைசித் தூள். தேத்தண்ணி என்றால் டம்ளரில் கறை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வீட்டு டின்னிலிருந்து இரண்டு கை தூளை அள்ளி, செய்த தேயிலை முழுவதிலும் கலந்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

முதலாளி வெள்ளைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார். பிறகு சக்கையைத் தட்டில் பரப்பி, விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"இலை நல்ல இலைம்மா. இதுல எதுக்குத் தூளைப் போட்டீங்க?"

சாயம் இறங்கவில்லை என்றேன். அவர் திட்டவில்லை. அந்த மஞ்சளுக்குத்தான் வெள்ளைக்காரர்கள் காசு கொடுக்கிறார்கள் என்று சொல்லி, கலக்காமல் இன்னொரு தடவை செய்து வரச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வந்தபோது நாங்கள் கொழுந்து பறித்த விஷயம் தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. காவல்கார வாச்சர் காட்டுமலைப் பாதையை முள்ளால் அடைத்துவிட்டார். கங்காணி வாசலில் நின்றார்.

"காடாக் கெடந்தாலும் அது கம்பெனி மலைதான். இனி ஏறுனா, கொழுந்து திருடுனதா எழுதிருவாங்க."

முதலாளிக்குப் போன் செய்தேன். கையில் காட்ட ஒரு பிடி தேயிலைகூட இல்லாமல் தொரையிடம் என்னத்தைப் பேசுவது என்று கேட்டார். சரியான கேள்விதான். அக்காவிடம், அவருக்குப் பிடிக்கவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அவள் அடுத்த மாதம் போய்விட்டாள்.

பிள்ளைகள் இப்போது என்னோடு இருக்கிறார்கள். சின்னவள் போனில் அம்மாவிடம் பேசமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். மலை அப்படியே கிடக்கிறது.

போன வாரம் அக்கா பேசினாள். அவள் வேலை செய்யும் வீட்டு அம்மா குடித்துவிட்டு வைத்த தேநீரில் மிச்சத்தை வாயில் ஊற்றிப் பார்த்தாளாம்.

"மஞ்சளா, நம்ம செஞ்சது மாதிரியே இருக்குடி. இங்க அதைப் பூட்டி வைக்கிறாங்க. அந்த ஆளுக்கு ஏன் பிடிக்காமப் போச்சு?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.