அமெரிக்க எம்.பி.க்கு அம்மா போட்ட கும்பிடு

இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு மேலேயுள்ள பழைய துரை பங்களா இப்போது சுற்றுலா விடுதி. விருந்தினர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. போன வருடம் வந்த அமெரிக்கப் பெரியவர் ஒருவர் தேயிலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வழி நெடுகத் தன் கொள்ளுத்தாத்தாவின் பெருமைதான்.

அந்த மகான் தென்மாநிலத்துப் பருத்தித் தோட்ட முதலாளி, வக்கீல், எம்.பி. தோட்டத்தில் அடிமைகளை வேலை வாங்கிக்கொண்டே தலைநகரில் சுதந்திரம் பற்றி மணிக்கணக்காகப் பேசுவாராம். அடிமைமுறையைக் காப்பாற்ற யுத்தத்துக்குப் போனார், தோற்றார், மன்னிப்பு வாங்கிக்கொண்டு அதே சபையில் மறுபடி போய் உட்கார்ந்தார். தோற்றவர்களுக்கு நாற்காலி போடும் கலையை நம்மவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அடிமைகளைப் பிள்ளைகள் மாதிரி வைத்திருந்தார். குடியிருக்க அறைகூட இலவசம்" என்றார் பெரியவர். பெற்ற பிள்ளைகளை எந்தச் சந்தையில் விற்பார்கள் என்று கேட்க நாக்கு நமநமத்தது. விடுதி சொல்லிக்கொடுத்த சிரிப்பைச் சிரித்து வைத்தேன்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்துவிட்டோம். வாசலில் அம்மா. அவர் கொழுந்து பறிப்பதை விட்டபின் எங்கள் வீட்டில் தோட்ட வேலைக்கு ஆளில்லை. அதனால் மாத முடிவுக்குள் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவைக் காலிசெய்யச் சொல்லியிருந்தார் தோட்டத்து மேனேஜர். பெரியவர் கைப்பேசியில் எம்.பி.யின் படத்தைக் காட்டினார்.

"யாருடா இது?"

"ஒரு தொரைதாம்மா. சம்பளமே குடுக்காம வேலை வாங்குனவரு. குடியிருக்க வீடு மட்டும் சும்மா குடுத்தாராம்."

அம்மாவின் காதில் கடைசி வார்த்தைகள்தான் விழுந்தன. "வீடு சும்மாவா? மகராசன்!" என்று கைப்பேசியைக் கும்பிட்டார். "இவர நம்ம மேனேஜர் தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுடா."

நான் "உங்கள் முன்னோரை வணங்குகிறார்" என்று மொழிபெயர்த்து, வீட்டு விஷயத்தையும் சொன்னேன். பெரியவர் கண் கலங்கினார். அன்று மாலையே மேனேஜரிடம் பேசினார். வெள்ளைக்காரர் சொல்லுக்கு இந்த மலையில் இன்னும் மவுசு குறையவில்லை.

காம்பரா தப்பியது, மேனேஜர் போட்ட ஒரு நிபந்தனையோடு. விடுதிக்கு வருகிறவர்கள் இப்போது எங்கள் வீட்டையும் பார்க்கிறார்கள். அம்மா வாசலில் கைகூப்பி நிற்க வேண்டும், நான் விளக்க வேண்டும்.

நேற்று ஒரு பெண், "இவ்வளவு சின்ன அறையை விட்டுப் போகத் தோன்றவில்லையா?" என்று அம்மாவைக் கேட்கச் சொன்னார்.

"எங்க போறது?" என்றார் அம்மா.

அருகில் மேனேஜர் நின்றிருந்தார். இந்த இடத்தின்மேல் அம்மாவுக்கு அவ்வளவு பாசம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.