அவள் தோண்டிய கோட்டை

ஜப்பானின் வடக்குத் தீவில், அங்குள்ள ஆதிக்குடிகளான ஐனு மக்களின் பழைய குன்றுக்கோட்டை ஒன்றைத் தோண்டும் குழுவுக்கு நானும் என் தோழியும் சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். பாரிஸ் அருகே சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இருவரும் ஒரே வகுப்பு. அவளை எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் ஓர் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டு, அவள் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கால்வரை சேறு, வெயிலில் கறுத்த முகம், பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. ஒரு படத்துக்கும் நான் இதயம் போடவில்லை.

அவள் திரும்பியதும் பாரிஸின் தமிழ்க் கடைப்பகுதியான லா சப்பலில் எங்கள் ஆட்கள் அதைப் பற்றி அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். இங்கேயே பிறந்தவள்; தமிழ் ஓரளவு விளங்கும், பேச வராது. நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தவள். மொழிபெயர்ப்பாயா என்று கேட்டாள். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவள் பிரெஞ்சில் "நான்" என்றாள். நானும் தமிழில் "நான்" என்றேன்.

"குன்றின் மூக்குப்போல் நீண்ட முனையைக் குறுக்கே வெட்டி அகழி எடுத்திருக்கிறார்கள். அகழியின் அடியில் எரிமலைச் சாம்பல் படிந்திருந்தது. அந்தச் சாம்பல் விழமுதலே அகழியை வெட்டிவிட்டார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. அதை நான் என் கையால் சுரண்டி எடுத்தேன்."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது சேறு படாத என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

முன்வரிசையில் இருந்த ரூ காய் தெருவில் கடை வைத்திருக்கும் அண்ணை எழும்பினார். "கோட்டை எண்டுறியள், மதிலைக் காணேல்லையே தங்கச்சி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

தோழியின் பக்கம் திரும்பாமல் நானே பதில் சொன்னேன். "கல்மதில் இல்லை அண்ணை, மரவேலி. கம்பமெல்லாம் உக்கிப் போச்சு. அது நிண்ட இடம் மட்டும் மண்ணிலை கறுப்பாத் தெரியும். சண்டைக்குக் கட்டினதோ, கூடிப் பேசவும் கும்பிடவும் கட்டினதோ எண்டு இன்னும் முடிவில்லை."

விண்ணப்பம் போட்ட நாட்களில் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் அப்படியே வந்தது.

"அப்ப நீர்தானே பிள்ளை தோண்டினனீர்?" என்றார் ஓர் அன்ரி.

"இல்லை அன்ரி. நான் போகேல்லை. அவதான் போனவ."

கூட்டம் முடிந்து தேநீரும் ரோல்ஸும் கொடுத்தபோது எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் தட்டோடு சுவரோரம் தனியே நின்றாள். மெட்ரோவுக்கு நடக்கையில் பிரெஞ்சில் சொன்னாள்: "ஜப்பானிலும் பாதிப் பேச்சு எனக்கு விளங்கவில்லை. இங்கேயும் அப்படித்தான். உன்னைப் பார்க்க எரிச்சலாக இருந்தது."

"எனக்குக் கோடை முழுவதும் எரிச்சல்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது என்னைப் பற்றிச் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னாள். இவள் சொல்லித்தான் நான் போகவேண்டுமா என்று மனம் எகிறியது. ஆனாலும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.